என் பெயரில் வந்த மூட்டைகள்

1

போர்ட் பிளேரில் நான் கப்பலை விட்டு இறங்கி முப்பத்து நான்கு வருடம் முடிந்த நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. ஒவ்வொரு வருடமும் அந்தத் தேதியில் டைரியில் ஒரு முழுப் பக்கம் எழுதுவேன். மற்ற நாட்களுக்கு ஆறு வரிதான். இந்த வருடப் பக்கத்தின் முதல் வரி இது: "காலை 10.40. நகரத் திட்ட அலுவலகம், மூன்றாம் கவுண்டர். மாடி கட்ட அனுமதி இல்லை."

கவுண்டரில் இருந்த பெண்ணுக்கு என் மகன் வயது இருக்கும். விண்ணப்ப எண்ணைத் தட்டிவிட்டு, "அங்கிள், ஆப்கே ப்ளாட் கா லிமிட் கதம் ஹோ கயா" என்றாள். என் மனைக்கு உள்ள வரம்பு முடிந்துவிட்டதாம். இன்னும் ஒரு செங்கல்கூட வைக்கவில்லையே என்றேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். மூன்று வருடத்துக்குள் மூன்று கப்பல், மொத்தம் நூற்று எழுபத்து நான்கு மூட்டை சிமெண்ட், கம்பி தனியாக. எல்லாம் என் பெயரில் இறங்கியிருந்தது. ஒவ்வொரு சரக்குச் சீட்டின் அடியிலும் இருந்த கையெழுத்து என்னுடையது.

அந்த நூற்று எழுபத்து நான்கில் என் வீட்டுக்கு வந்தது இருபது மூட்டை. அது மதில் சுவருக்கு.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இந்த வரம்பு என்னவென்று சொல்ல வேண்டும். இங்கே விளக்கு எரிவதே பெரும்பாலும் டீசலில்தான். அந்த டீசலும் கப்பலில் வருகிறது. சிமெண்டும் கம்பியும் கப்பலில் வருகின்றன. ஒரு வீடு எழும்புவதற்குள் எவ்வளவு புகை என்று யாரும் முன்பு கேட்டதில்லை. இப்போது கேட்கிறார்கள். நகர எல்லைக்குள் யார் எதைக் கட்டினாலும் அதனால் சேரும் பசுமை இல்ல வாயு இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று மனைக்கு மனை அளவு வைத்திருக்கிறார்கள். நாங்கள் குடியிருக்கும் கராச்சர்மாவும் அந்த எல்லைக்குள் வருகிறது. விதி வருவதற்கு முந்திய மூன்று வருடச் சரக்கும் சேர்த்தி. இல்லையென்றால் அறிவிப்பு காதில் விழுந்ததுமே எல்லோரும் மூட்டை மூட்டையாக இறக்கி அடுக்கியிருப்பார்கள்.

விதியை நான் குறை சொல்லவில்லை. நாற்புறமும் கடல் சூழ்ந்த ஊரில் இப்படி ஒன்று முன்பே வந்திருக்க வேண்டும். அது நியாயமான விதி என்பதாலேயே எனக்குச் சண்டை போட ஆள் இல்லாமல் போயிற்று.

2

தீவில் ஒரு பழக்கம் உண்டு. சென்னைத் துறைமுகத்தில் இருபது மூட்டை, முப்பது மூட்டை என்று சில்லறையாகச் சரக்கு போட்டால் அது கிடந்துகொண்டே இருக்கும். இந்தக் கப்பல் இல்லை, அடுத்த கப்பல் என்பார்கள். அதற்குள் மழை வந்து பாதி மூட்டை கல்லாகிவிடும். ஆகவே ஒரு சந்தில் இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே பெயரில் மொத்தமாகப் போடுவார்கள். எல்லா இடத்திலும் இப்படித்தான். வங்காளிகளும் தெலுங்கர்களும் இதையே செய்கிறார்கள். சந்துக்கு ஒரு பெயர். காகிதங்களை ஒழுங்காக வைத்திருக்கும் ஆளின் பெயர்.

எங்கள் சந்துக்கு அது என் பெயர்.

நான் ஓர் அரசு அலுவலகத்தின் பண்டகப் பிரிவில் தலைமை எழுத்தர். சந்தில் என்னை முன்ஷிஜி, அதாவது கணக்கப்பிள்ளை, என்று கூப்பிடுவார்கள். பாதி மரியாதை, பாதி கேலி. எங்களோடு சேர்ந்து சரக்கு போட்டவர்கள் இரண்டு வீட்டார். எதிர்வீட்டுக் கதிரேசன், சின்ன ஒப்பந்ததாரர், எங்கள் ராமநாதபுரம் பக்கத்துக்காரன். கடைசி வீட்டு ராசம்மா அக்கா, பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்ப்பவர்.

முதல் கப்பலுக்குச் சீட்டு எழுதிய அன்று கதிரேசன் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. "அண்ணே, உங்க பேர்லயே போட்டுருங்க. உங்க பேருன்னா ஹார்பர்ல ஒரு பய ஆப்ஜெக்‌ஷன் போட மாட்டான்."

எனக்கு அது பெருமையாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. மூன்று முறையும் அலுவலகத்துக்கு அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு நானே ஹார்பருக்குப் போய் எண்ணி எடுத்தேன். மூட்டைகள் என் முன்வாசலில்தான் இறங்கின. தார்ப்பாய் போட்டு மூடி, யாருக்கு எத்தனை என்று டைரியில் எழுதிவைத்தேன். கதிரேசனுக்கு நூற்று முப்பது. அவன் மாடி முழுக்க அதில்தான் நிற்கிறது. ராசம்மா அக்காவுக்கு இருபத்து நான்கு. சமையலறைத் தரை, குளியலறை. அவரவர் பங்கை அவரவர் முன்கூட்டியே கொடுத்துவிட்டார்கள். அதில் எந்தக் குறையும் கிடையாது.

வாயுவுக்கும் ஒரு பங்கு உண்டு, அதையும் அன்றே பிரித்து எழுத வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

3

எனக்கு மாடி எதற்கு என்று கேட்பீர்கள். மகன் அகிலனுக்காக.

அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கப்பல் ஏறியவன். மருமகள் புனேக்காரி. பேத்திக்கு இரண்டரை வயது. வீட்டில் அவர்கள் பேசுவது ஹிந்தி. அகிலன் என்னோடு தமிழ் பேசும்போது முதலில் மனசுக்குள் எதிலிருந்தோ மொழிபெயர்த்துவிட்டுப் பேசுவது போல ஒரு சின்ன இடைவெளி விழும். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கடையில் சில்லறை எண்ணும்போது எனக்கே ஹிந்தியில்தான் எண் வருகிறது.

சென்ற வருடம் தீபாவளிக்கு வந்திருந்தபோது அவனாகவே சொன்னான். இப்போது இங்கே நெட் நன்றாக வருகிறது, வேலையை இங்கிருந்தே பார்க்கலாம், மேலே ஒரு தனி வீடு இருந்தால் வந்துவிடுகிறோம் என்று. என் மனைவி சந்திரா அன்று மூன்று வேளையும் மீன் சமைத்தாள். பத்து வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருந்தது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு போனில் பேச்சே மாடியைப் பற்றித்தான். ஜனவரியில் ஜன்னலைக் கிழக்கே வைக்கச் சொன்னான். பிப்ரவரியில் யாரிடமோ வரைந்து வாங்கி ஒரு பிளான் அனுப்பினான். சந்திரா அதைப் பெரிதாக அச்செடுத்து வரச் சொல்லி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பேத்தி எந்த அறையில் தூங்கும் என்பதெல்லாம் முடிவாகிவிட்டது.

அந்தப் பிளானோடுதான் நான் மூன்றாம் கவுண்டரில் நின்றேன்.

4

கவுண்டர்ப் பெண் ஒரு வழி சொன்னாள். சரக்கு என் பெயரில் வந்திருந்தாலும், அதை வாங்கிப் பயன்படுத்தியவர் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டால் அது அவர் மனைக்கு மாற்றப்படும். என் வரம்பு எனக்குத் திரும்பக் கிடைக்கும். ஒரே பக்கம். "ஈஸி ஹை அங்கிள்" என்றாள்.

அன்று மாலையே இரண்டு படிவங்களோடு கிளம்பினேன்.

முதலில் ராசம்மா அக்கா. அவர் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். சின்ன வயதில் கச்சால் தீவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்கு வந்த குடும்பம். கணவர் இறந்த பிறகு இங்கே வந்து ஒரு சிறிய மனையில் வீடு கட்டிக்கொண்டார். சமையலறையும் குளியலறையும் பக்கா. படுக்கும் அறைக்கு மட்டும் தகரக் கூரை. மழை பெய்தால் பேச்சே கேட்காது. அந்த அறைக்கு அடுத்த மழைக்கு முன் தளம் போட வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதனால் நான் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். சின்ன மனைக்குச் சின்ன வரம்பு. இந்த இருபத்து நான்கு மூட்டை அவர் பெயருக்குப் போனால் தளம் போட மிச்சம் இருக்காது. யோசித்துச் சொல்லுங்கள், அவசரம் இல்லை என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு பேனாவை வாங்கினார். "இதுல யோசிக்க என்னாங்க தம்பி இருக்கு. என் வீட்டுல கெடக்குற சிமெண்ட ஒங்க வீட்டுதுன்னா சொல்ல முடியும்? தகரத்துக்குக் கீழ இவ்வளவு நாளு படுக்கலயா."

ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் போட்டார். போட்டு முடித்ததும் ஒருமுறை தாமே படித்துப் பார்த்துக்கொண்டார்.

பிறகு கதிரேசன். டீ கொடுத்தான். படிவத்தை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெற்றுத்தாள். "அரே, சோடோண்ணே. விடுங்க, இதுக்குப் போயி நீங்க அலையணுமா. வச்சுட்டுப் போங்க, நான் பாத்துக்கிறேன்" என்றான்.

ஒரு வாரம் ஆயிற்று. கேட்டபோது கண்ணாடி உடைந்துவிட்டது, படிக்க முடியவில்லை என்றான். இரண்டாம் வாரம் படிவம் எங்கேயோ போய்விட்டது என்றான். வேறொன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். நான்காவது முறை போனபோது அவன் மனைவி வாசலுக்கு வந்து, அவர் காலை கான்வாயிலேயே பாராடாங் தீவுக்குப் போய்விட்டார், வேலை நடக்கிறது, வர நாலு நாள் ஆகும் என்றாள்.

காட்டு ரோட்டில் வண்டிகளைச் சேர்த்து வரிசையாக விடும் அந்தக் கான்வாய் அன்று ஓடவில்லை. ரோட்டில் மரம் விழுந்து வண்டிகளை ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று காலையில் அலுவலகத்தில் பேச்சு. அதை அன்றைய டைரியின் ஆறு வரியில் ஒரு வரியாக எழுதுவதாகவும் இருந்தேன். அவளிடம் சரிம்மா என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அவன் வீட்டுக்குப் பின்னால் புதிதாக அஸ்திவாரத்துக்கு வாரக்கால் தோண்டிக் கிடந்தது. சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட மூன்று அறை. அதற்கும் வரம்பு வேண்டும். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது.

5

கதிரேசன் யார் என்று இன்னும் சரியாகச் சொல்லவில்லை.

நான் வந்த மறுவருடம் அவன் வந்தான். கையில் ஒரு பையும் யாரோ எழுதிக்கொடுத்த என் முகவரியும். அபர்தீன் பஜாருக்குப் பின்னால் எனக்கு ஒரு சின்ன அறை இருந்தது. அதில் பாதி அவனுடையதாயிற்று. நான்கு வருடம் ஒன்றாக இருந்தோம். அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தபோது பத்தொன்பது நாள் நான் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். பழைய டைரியில் இருக்கிறது. அகிலன் பிறந்தபோது நான் அலுவலக வேலையாகக் கேம்பல் பேயில் இருந்தேன். கப்பல் கிடைக்காமல் ஐந்து நாள் மாட்டிக்கொண்டேன். பிள்ளையை முதலில் கையில் வாங்கியவன் அவன்தான். அகிலனுக்கு அவன் சித்தப்பா.

ஊரில் இருந்தால் உறவுக்காரர்கள் தானாகவே இருப்பார்கள். இங்கே ஒவ்வொருவரையும் நாமே தேர்ந்தெடுத்து உறவு ஆக்கிக்கொள்ள வேண்டும். நான் அதிகம் பேரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

படிவம் வராததால் அலுவலகம் எங்கள் இருவரையும் விசாரணைக்குக் கூப்பிட்டது. அதிகாரி ஒரு தெலுங்குப் பெண்மணி. அமைதியாகப் பேசினார். கதிரேசன் சலவைச் சட்டை போட்டு வந்திருந்தான். உள்ளே வரும்போது எனக்குத் தலையசைக்கவில்லை.

அதிகாரி அவனைக் கேட்டார். அவன் ஹிந்தியில் சொன்னான். தன் மாடி நான்கு வருடத்துக்கு முன்பே முடிந்துவிட்டது, இந்தக் கப்பல்களுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை, சரக்கெல்லாம் "இன் சாஹப் கா" என்று. இந்த ஐயாவுடையதாம்.

முப்பத்து மூன்று வருடத்தில் அவன் என்னை அண்ணே என்பதைத் தவிர வேறெப்படியும் சொன்னதில்லை. சண்டை போட்ட நாட்களில்கூட. அவன் பொய் சொன்னதைவிட, பக்கத்து நாற்காலியில் இருந்த என்னைக் கையால் சுட்டி அந்த வார்த்தையைச் சொன்னதுதான் எனக்கு முதலில் வலித்தது.

நான் டைரியை எடுத்து வைத்தேன். அவன் மாடிக்குக் கான்கிரீட் போட்ட நாள், கிழமை, வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம், நடுவில் பெய்த மழை, பதினோரு ஆட்களுக்குச் சந்திரா சமைத்த சாப்பாடு, எல்லாம் இருந்தது. அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஒரே மாதிரி ஆறு வரிகள். "ரோஜ் லிக்தே ஹைன்?" என்று கேட்டார். தினமும் எழுதுவேன் என்றேன்.

பிறகு டைரியை மூடி என் பக்கம் தள்ளினார். இது நீங்கள் ஒருவர் மட்டும் எழுதியது, இதை ஆவணமாக எடுக்க முடியாது என்றார். நான் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தால் ஆள் அனுப்பிக் கட்டடத்தைச் சோதிப்பார்களாம். மின் இணைப்புக்கு எப்போது விண்ணப்பித்தார் என்பதையும் பார்ப்பார்களாம். நான் சொல்வது உண்மையானால் மூட்டைகள் அவன் பெயருக்குப் போகும், அவன் பின்கட்டு வேலை நிற்கும், பொய் வாக்குமூலத்துக்கு அவன் மேல் தனியாக நடவடிக்கையும் வரும். அவகாசம் பதினைந்து நாள்.

ராசம்மா அக்காவின் இருபத்து நான்கு மூட்டையை அன்றே என் பெயரிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த ஒரு காகிதத்தில் மட்டும் முத்திரை விழுந்தது.

6

ஆட்சேபத்தை எழுதத் தொடங்கினேன். ஒரு வாரம் ஆயிற்று. அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் குறிப்பு எழுதியே பழகியவன், இந்த ஒரு பக்கத்தை நான்கு முறை கிழித்தேன். ஒவ்வொரு முறையும் "திரு. கதிரேசன்" என்று எழுதும் இடத்தில் பேனா நின்றது.

ஞாயிற்றுக்கிழமை காலை அகிலன் போன் செய்தான். சந்திரா சந்தைக்குப் போயிருந்தாள். நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். வரம்பு, படிவம், விசாரணை. கவலைப்படாதே, ஆட்சேபம் எழுதுகிறேன், இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, மாடி கிடைத்துவிடும் என்றேன்.

அந்தச் சின்ன இடைவெளி விழுந்தது. இந்த முறை கொஞ்சம் நீளமாக.

"அப்பா, சித்தப்பா மேல எதுவும் கம்ப்ளைண்ட் குடுக்காதீங்க."

"ஏன்?"

"நாங்க இங்க ஃப்ளாட் புக் பண்ணிட்டோம்ப்பா."

எப்போது என்று கேட்டேன். எனக்குக் கேட்கத் தெரிந்தது அதுதான்.

"ஜனவரில."

ஜனவரியில் அவன் ஜன்னலைக் கிழக்கே வைக்கச் சொன்னான். பிப்ரவரியில் பிளான் அனுப்பினான். இதைச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள், சொல்ல மனசு வரவில்லை என்றான். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தே போன் செய்தானாம். அப்புறம் இந்த விதி வந்தது பேப்பரில் பார்த்திருக்கிறான்.

"லிமிட்னு ஒண்ணு வந்ததும் எனக்கு ரிலீஃபா இருந்துச்சுப்பா. அவங்களே முடியாதுன்னு சொல்லிடுவாங்க, நான் சொல்ல வேண்டாம்னு நெனச்சேன்."

ஒரு நகரம் தன் காற்றுக்காகப் போட்ட எல்லையை என் மகன் தன் தகப்பனிடம் பேசாமல் இருக்க ஒரு சுவராக வைத்துக்கொண்டிருக்கிறான். அவனே மேலும் சொன்னான். சித்தப்பாவுக்கு மார்ச்சிலேயே தெரியும். படிவத்தோடு நான் போன அன்று இரவே அவர் இவனைக் கூப்பிட்டு, நிஜமாகவே வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். இவன் உண்மையைச் சொல்லியிருக்கிறான். "நீ ஒண்ணும் சொல்லாத, நான் பாத்துக்கிறேன்" என்றாராம்.

போனை வைத்தேன். பரமக்குடியில் என் அப்பாவிடம் இரண்டு வருடம் தீவில் இருந்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லித்தான் நானும் கப்பல் ஏறினேன். அவர் எனக்கென்று பின்கட்டில் ஓர் அறை கட்டினார். நான் அதில் மொத்தமாக ஒரு மாதம்கூடப் படுத்ததில்லை. ஆனால் அவரிடம் ஜன்னலை எந்தப் பக்கம் வைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு அன்று முழுக்க எனக்கு நானே வாதாடினேன்.

சந்திரா வந்ததும் சொல்லிவிட்டேன். அவளும் எப்போது என்றுதான் கேட்டாள். ஜனவரி என்றேன். காய்கறிகளை எடுத்து வைத்து முடித்தாள். பிறகு ஃபிரிட்ஜ் கதவிலிருந்த பிளானைக் கழற்றி, ஒட்டியிருந்த டேப்பை ஒவ்வொன்றாக உரித்து, நான்காக மடித்து என்னிடம் கொடுத்தாள்.

7

இரண்டு நாள் கழித்து பஸ் நிறுத்தத்தில் கதிரேசன் நின்றுகொண்டிருந்தான். இந்த முறை அவனே வந்தான்.

"அண்ணே, ஆள் வராத மாடிக்கு என் லிமிட் எதுக்குண்ணே போகணும்? நான் சொன்னா அண்ணி அழுவாங்க. பையன் சொல்லட்டும்னு இருந்தேன்."

"வீட்டுல வந்து சொல்லியிருக்கலாம்ல கதிரேசா. ஆபீஸ்ல போயா சொல்றது?"

அவன் பஸ் வருகிறதா என்று பார்த்தான். "தப்புத்தாண்ணே. ஆனா பின்னாடி ரூமுக்கு வாரக்கால் தோண்டிட்டேன்ல."

அவன் சொன்னதில் கடைசி வரிதான் முழு உண்மை என்று எனக்குத் தோன்றியது. பஸ் வந்தது. அவன் முன்வாசலில் ஏறினான், நான் பின்வாசலில் ஏறினேன்.

ஆட்சேபத்தை நான் கொடுக்கவில்லை. பெருந்தன்மை என்று எண்ண வேண்டாம். ஜெயித்தால் எனக்குக் கிடைப்பது யாரும் குடிவராத ஒரு மாடி. தோற்றால் முப்பத்து நான்கு வருட டைரி இன்னொரு முறை மேசையில் என் பக்கமாகத் தள்ளப்படும்.

ஆனால் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. ராசம்மா அக்காவின் தளம். வராத மகனுக்காக, கட்டப் போகாத மாடிக்காக, அவருடைய வரம்பை நான் வாங்கி வந்திருக்கிறேன். மே பிறந்தால் மழை. அவர் இன்னொரு வருடமும் தகரத்தின் கீழே படுக்க வேண்டும், காரணம் நான்.

பதினைந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, மூன்றாம் கவுண்டருக்குப் போனேன். ராசம்மாவின் இருபத்து நான்கு மூட்டையைத் திரும்ப என் பெயருக்கே மாற்ற வேண்டும் என்றேன். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. எல்லோரும் எடுக்கச் சொல்லி வருகிறார்கள், சேர்க்கச் சொல்லி யாரும் வந்ததில்லை என்றாள். உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். முடியுமாம். ஆனால் முதலில் கொடுத்த படிவம் தவறு என்று நான் எழுதித் தர வேண்டும். சரக்கு அவருக்குக் கொடுக்கப்படவில்லை, எனக்கே பயன்பட்டது, இன்ன வேலைக்கு என்று.

நான் எழுதினேன். நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி, இருபத்து நான்கு மூட்டை. என் வீட்டில் அப்படி ஒரு தொட்டி கிடையாது. அரசாங்கக் காகிதத்தில் நான் எழுதிய முதல் பொய் அது. எழுத்து வழக்கம்போல நேராகத்தான் இருந்தது. அவள் முத்திரை குத்தி எனக்கு ஒரு நகல் தந்தாள்.

நேராக ராசம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் பள்ளியிலிருந்து வந்து சமையலறையில் நின்றுகொண்டிருந்தார். உங்கள் வரம்பு உங்களுக்கே திரும்ப வந்துவிட்டது, தளம் போட்டுக்கொள்ளலாம் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"எப்படித் தம்பி வந்துச்சு?" என்று கேட்டார்.

நகலை நீட்டினேன். அது ஹிந்தியில் இருந்தது. "எனக்கு இது வராதுங்க. நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்றார்.

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். அலுவலகத்தில் ஏதோ சலுகை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். ஆனால் ஒரே நாளில் இரண்டாவது பொய் எனக்கு வரவில்லை. ஹிந்தியை வரிக்கு வரி தமிழாக்கிப் படித்தேன். ராசம்மா என்பவர் போட்ட கையெழுத்து தவறானது. மேற்படி சிமெண்ட் அவருக்குக் கொடுக்கப்படவில்லை. அவர் வீட்டில் எங்கும் பயன்படுத்தப்படவில்லை.

படித்து முடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் நெசத்துக்குத்தானே கையெழுத்துப் போட்டேன். அத ஏங்க பொய்யாக்குனீங்க?"

தளத்துக்காகத்தான் அக்கா என்றேன்.

அவர் வலது காலால் சமையலறைத் தரையை இரண்டு முறை தட்டினார்.

"அப்ப இது என்னாங்க?"